இன்ஸ்டாக்ஸ் மினி லிங்க் 2 ரிவ்யூ: தெருவுல கேட்டு போட்டோ எடுக்கறவங்களுக்கு மட்டும்

இந்த குட்டி பிரிண்டர பத்தி தேடுனா வர்ற ரிவ்யூல முக்காவாசி பர்த்டே பார்ட்டி, டைரில ஒட்டறது, ஹார்ட் ஸ்டிக்கர் போட்டு பிரிண்ட் எடுக்கறதுன்னு தான் போகுது. எனக்கு அதுல எதுவும் வேலை இல்ல. ஸ்ட்ரீட் போட்டோகிராபில முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட போய் "ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா"ன்னு கேட்டு எடுக்கற பழக்கம் இருக்கறவங்க இத வாங்கலாமா வேணாமா, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் தான் இந்த ரிவ்யூ. செல்ஃபி பார்ட்டிங்க இங்கயே எறங்கிக்கலாம்.

மொதல்ல மெஷின். ஃப்யூஜிஃபில்ம் 2022ல விட்ட மாடல் இது, ஃபில்ம் போடாம சுமார் 210 கிராம், கேமரா பேக்ல எக்ஸ்ட்ரா லென்ஸ் வெக்கற பாக்கெட்டுக்குள்ள அடங்கிடும். இங்க் கிடையாது, கார்ட்ரிட்ஜ் கிடையாது, உள்ள போறது நெஜமான இன்ஸ்டன்ட் ஃபில்ம், ஒரு பேக்ல 10 ஷீட். போன்ல இருந்து புளூடூத்ல படத்த அனுப்புனா உள்ள இருக்கற லைட் அந்த ஃபில்ம எக்ஸ்போஸ் பண்ணுது, வெளிய வரும்போது ரோலர் நடுவுல நசுங்கி ஷீட்டோட ஓரத்துல இருக்கற கெமிக்கல் பை உடைஞ்சு படம் முழுக்க பரவுது, அவ்ளோ தான் டெக்னாலஜி. ஒரு பத்து பதினஞ்சு செகண்ட்ல ஷீட் வெளிய வந்துரும் ஆனா அப்ப அதுல உருப்படியா ஒண்ணும் தெரியாது, தெளிஞ்சு வர ஒரு 90 செகண்ட் ஆகும். (கையில வெச்சு விசிறி மாதிரி ஆட்ட வேண்டியதில்ல, ஆட்டுனா சீக்கிரம் வராது, எல்லாரும் ஆட்டுவாங்க, ஆட்டட்டும் விட்ருங்க.) படம் மட்டும் 62க்கு 46 மிமீ, வெள்ள பார்டர் சேத்தா 86க்கு 54, அதாவது ஏடிஎம் கார்டு சைஸ். ஒரு சார்ஜுக்கு சுமார் 100 பிரிண்ட்னு கம்பெனி சொல்லுது, ஒரு நாள் தெருவுல அலையறதுக்கு இதுல பாதி கூட தேவப்படாது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இத வாங்கறவங்க நெறய பேரு நெனைக்கறது என்னன்னா, "ஒரு போட்டோ எடுத்துக்கறேன், கையோட பிரிண்ட் போட்டு தர்றேன்"னு சொன்னா யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க, பர்மிஷன் ஈஸியா கெடச்சிரும்னு. கெடைக்கும் தான். ஆனா அதுக்கு இத யூஸ் பண்றது எனக்கு சுத்தமா பிடிக்கல. பிரிண்ட்ட முன்னாடி நீட்டிட்டு கேட்டா அது கேள்வி இல்ல, பேரம். எதிர்ல இருக்கறவங்களுக்கு வேணாம்னு சொல்றது கஷ்டமாயிடும், குடுக்கறத மறுக்கறது மரியாத இல்லன்னு நெனச்சு ஒத்துக்கறவங்க இருக்காங்க, அந்த சங்கடம் அப்படியே மொகத்துல வந்து உக்காந்துரும், படத்த பாத்தாலே தெரியும். இன்னொரு சைடு, டூரிஸ்ட் வர்ற எடத்துல உடனடி போட்டோ எடுத்து விக்கறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க, அதனால பிரிண்டரோட போய் நின்னா மொதல்ல வர்ற கேள்வியே "எவ்ளோ?"ன்னு தான் இருக்கும், ஃப்ரீன்னு சொன்னா சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாகும். அதனால பர்மிஷன் கேக்கும்போது இந்த மெஷின் பேக்குக்குள்ளயே இருக்கணும். மொதல்ல வெறும் வாயால கேளுங்க, சரின்னு சொல்லட்டும், படம் எடுங்க, அப்புறமா "ஒரு ரெண்டு நிமிஷம் இருக்கீங்களா, இத பிரிண்ட் போட்டு தர்றேன்"னு எடுங்க வெளிய. அந்த சரி அவங்களா குடுத்தது, பிரிண்ட் நீங்களா குடுக்கறது, ரெண்டையும் கோக்க வேணாம்.

அப்ப கேக்கறது எப்படின்னு கேட்டா அதுக்கு எந்த மெஷினும் உதவாது. கேமரா வெளிய தெரியற மாதிரி இருக்கணும், மறைச்சு வெச்சுட்டு கிட்ட போய் பேக்ல இருந்து உருவுனா யாருக்கா இருந்தாலும் திக்குன்னு இருக்கும். எதுக்காக அவங்கள எடுக்கணும்னு தோணுச்சோ அத மொத வாக்கியத்துலயே சொல்லிடுங்க, ஏன்னா தெரியாத ஒருத்தன் கேமராவோட வந்து நின்னா மனசுல வர்ற மொத கேள்வி "என்ன எதுக்கு?" தான். "அண்ணா, நீங்க அந்த செருப்ப தெச்சுட்டு இருந்தத பாத்துட்டே நின்னேன், கை வேலய ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா"ன்னு கேட்டா பதில் வேற மாதிரி வரும், சும்மா "ஒரு போட்டோ ப்ளீஸ்"னா வேற மாதிரி வரும். முக்கியமா ஆம்பளைங்க பொம்பளைங்ககிட்ட போய் "நீங்க அழகா இருக்கீங்க"ன்னு ஆரம்பிக்கறது வேணவே வேணாம், அக்கா அந்த பச்ச குடைக்கும் பின்னாடி செவத்துக்கும் கலர் அப்படி ஒட்டுது, குடையோட ஒண்ணு எடுத்துக்கலாமான்னா அது போட்டோ பத்துன பேச்சு, ஆள பத்துனது இல்ல. பாஷ தெரியாத எடத்துல கேமராவ நெஞ்சு உயரத்துக்கு தூக்கி காட்டி புருவத்த ஏத்தி அப்படியே ஒரு செகண்ட் காத்திருந்தா போதும். பதில் தெளிவா இல்லன்னா அத வேணாம்னு எடுத்துக்கறது தான் என் கட்சி. வேணாம்னு சொல்லிட்டா சிரிச்சுட்டு ஒரு நன்றி, நடைய கட்டிரணும், அங்க நின்னு "பிரிண்ட் வேற தருவேனே"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா நான் மேல எழுதுனது பூரா வேஸ்ட்.

சரி, மெஷின் எங்க தான் உதவுது. அந்த 90 செகண்ட்ல.

கேட்டு எடுக்கறதுல எல்லாரும் சொல்ற பெரிய குறை ஒண்ணு இருக்கு, கேட்ட உடனே ஆளு வேற ஆளாயிடுறாங்க. அதுவரைக்கும் குனிஞ்சு தன் வேலைய பாத்துட்டு இருந்தவரு நிமிந்து, சட்டய இழுத்து விட்டு, ரெண்டு கையையும் தொடயோட ஒட்டி அட்டென்ஷன்ல நிப்பாரு, கண்ணு மட்டும் லென்ஸ பாக்கும், நீங்க எத பாத்து கேட்டீங்களோ அது காணாம போயிருக்கும். கேக்காம எடுக்கறவங்க இத வெச்சே தான் நம்மள ஓட்டுவாங்க, நியாயமான பாயின்ட் தான் அது. இதுக்கு வழக்கமா சொல்ற வழி, பேச்சு குடு, டைம் எடுத்துக்கோ, பழகு அப்படின்னு. ஆனா தெருவுல நின்னு முன்னப்பின்ன தெரியாதவர்கிட்ட என்னத்த பேசறது, அதுவும் நம்மள மாதிரி வாய் வராத ஆளுங்க. போட்டோ எடுத்தாச்சு, தேங்க்ஸ் சொல்லியாச்சு, இதுக்கு மேல நிக்கறதுக்கு ஒரு காரணம் வேணும்ல. அந்த காரணத்த இந்த பிரிண்டர் குடுக்குது. கேமராவுல இருந்து போனுக்கு படம் வரணும், ஆப்ல செட் பண்ணணும், பிரிண்ட் வெளிய வரணும், அப்புறம் அந்த ஷீட்ல உருவம் மெல்ல வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் சேந்து காத்திருக்கணும், மொத்தத்துல ஒரு மூணு நாலு நிமிஷம், இந்த நேரத்துல யாரும் போஸ் குடுக்கறதில்ல. பக்கத்து கடைக்காரர் எட்டி பாப்பாரு, இவரு அவர்கிட்ட என்னமோ சொல்வாரு, திரும்ப தன் வேலையில கை வெப்பாரு, ஷீட்ட கண்ணுகிட்ட கொண்டு போய் பாப்பாரு, "என்ன தம்பி ஒண்ணுமே வரல"ன்னு கிண்டல் பண்ணுவாரு. நீங்க தேடி வந்த படம் இங்க தான் இருக்கு. ஆனா இதுலயும் ஒரு வார்த்த சொல்லிரணும், "பிரிண்ட் வர்றதுக்குள்ள இன்னும் ரெண்டு மூணு எடுத்துக்கறேன்"னு, ஏன்னா மொத சரி அந்த ஒரு போஸுக்கு குடுத்தது, அத வெச்சுட்டு ஒளிஞ்சு எடுத்தா கேட்டதுக்கே அர்த்தம் இல்ல. சொன்னா மறுபடி வெறச்சுக்குவாங்களோன்னு பயப்பட வேணாம், பிரிண்ட் மேல கண்ணு இருக்கறதால பெருசா கண்டுக்க மாட்டாங்க.

அதனால என் கணக்கு இப்படி: போஸ் குடுத்த படம் அவங்களோடது, அத தான் பிரிண்ட் போடணும். உங்களுக்கு பிடிச்ச கலை நயமான படத்த, பாதி மொகம் நிழல்ல இருக்கறத, பிரிண்ட் போட்டு குடுத்து "ஆர்ட்"னு சொல்லாதீங்க. அவங்க சட்டய இழுத்து விட்டுட்டு நின்ன அந்த நேரான படம், மொகம் முழுசா வெளிச்சத்துல, அது தான் வீட்ல கொண்டு போய் காட்ட வேண்டிய படம். காத்திருக்கும்போது எடுத்தது உங்களோடது.

பிரிண்ட் குவாலிட்டிக்கு வர்றேன். 318 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு இத்தன புள்ளின்னு கணக்கு), இந்த சைஸுக்கு ஷார்ப்னஸ் போதும் போதும். பிரச்சன எங்கன்னா இன்ஸ்டன்ட் ஃபில்முக்கு வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவுல தாங்கற ரேஞ்ச் கம்மி, போன் ஸ்கிரீன்ல அட்டகாசமா தெரியற படம் ஷீட்ல வரும்போது நிழல் எல்லாம் கருப்பா அடைச்சுக்கும், வானம் வெள்ளயா வெளுத்துரும். கருத்த நிறம் இருக்கறவங்க மொகத்துக்கு இது பெரிய விஷயம், நடுப்பகல்ல மேல இருந்து வெயில் அடிக்கும்போது எடுத்தா கண்ணு இருக்கற எடம் ரெண்டு குழி மாதிரி வரும். பர்மிஷன் வாங்கி, காக்க வெச்சு, கடைசில அவர அவருக்கே அடையாளம் தெரியாத ஒரு கார்டு குடுத்தா நல்லாவா இருக்கும். ஆப்ல பிரைட்னஸ ஸ்கிரீன்ல கொஞ்சம் ஓவரா தெரியற அளவுக்கு ஏத்தி அனுப்புங்க, ஷீட்ல கரெக்ட்டா வரும். எடுக்கும்போதே ஆள நிழலுக்கு, இல்லன்னா வெளிச்சம் சைடுல இருந்து வர்ற வாசல்கிட்ட கூப்ட்டுக்கலாம், கேட்டு எடுக்கறதுல இருக்கற பெரிய லாபமே அது தானே, கொஞ்சம் தள்ளி நிக்க சொல்லலாம், ஒரு மீட்டர் கிட்ட 35 மிமீ லென்ஸோட (கொஞ்சம் அகலமா காட்டற லென்ஸ்) போகலாம், தூரத்துல இருந்து ஜூம் போட்டு திருட்டுத்தனமா எடுக்க வேண்டியதில்ல. ஆப்ல ரிச், நேச்சுரல்னு ரெண்டு மோட் இருக்கு, மொகத்துக்கு நேச்சுரல் போதும், ரிச்ல கலர் தூக்கும் ஆனா தோல் கொஞ்சம் செவந்து போகும். மத்தபடி ஆப்ல இருக்கற ஃபிரேம், ஸ்டிக்கர், பிரிண்டர காத்துல ஆட்டி கோடு வரையற வசதி எல்லாம் இந்த வேலைக்கு தேவையில்ல.

ஸ்பீடு மெஷின்ல இல்ல, கேமராவுல இருந்து போனுக்கு வர்றதுல தான் சிக்குது. வைஃபை கனெக்ட் ஆகறதுக்குள்ள அவரு கெளம்பிடுவாரு போல இருக்கும். அதனால கேமரா கம்பெனி ஆப்ப முன்னாடியே தொறந்து வெச்சுக்கறது, சின்ன சைஸ் ஜேபெக் மட்டும் அனுப்பற மாதிரி செட் பண்ணிக்கறது, இல்லன்னா பேசாம அந்த ஒரு போஸ் படத்த மட்டும் போன்லயே எடுத்துக்கறது. நான் இப்ப கடைசி வழிக்கு வந்துட்டேன், ஏடிஎம் கார்டு சைஸ் பிரிண்ட்டுக்கு போன் கேமரா தாராளம்.

குரூப்பா இருந்தா கத வேற. ஒருத்தருக்கு குடுத்தா கூட இருக்கற எல்லாருக்கும் வேணும், கேட்டா குடுக்காம வர முடியாது, பேக்ல இருக்கறதே 10 ஷீட். அதோட இந்த சைஸ்ல நாலஞ்சு பேரு நின்னா மொகம் ஒவ்வொண்ணும் பட்டாணி அளவு தான் இருக்கும். அந்த மாதிரி அடிக்கடி எடுக்கறவங்க இதே கம்பெனியோட பெரிய பிரிண்டர் லிங்க் வைட் பாக்கலாம், படம் 99க்கு 62 மிமீ வரும், ஆனா மெஷினும் பெருசு, ஃபில்மும் காஸ்ட்லி. எதுவா இருந்தாலும் இதுல காசு கரையறது மெஷின்ல இல்ல ஃபில்ம்ல தான்ங்கறத வாங்கறதுக்கு முன்னாடியே புரிஞ்சுக்கணும்.

கேண்டிட் மட்டும், அதாவது கேக்காம ஆளுக்கு தெரியாமலே எடுக்கறவங்க இத தொடவே வேணாம். ஃபிரான்ஸ் போட்டோகிராபர் கார்டியே-ப்ரெஸ்ஸான் தன் லைக்கா கேமரா மின்னக்கூடாதுன்னு அதுமேல கருப்பு டேப் ஒட்டி வெச்சிருந்தாரு, அமெரிக்க போட்டோகிராபர் வாக்கர் எவன்ஸ் 1938ல இருந்து 41 வரைக்கும் நியூயார்க் சப்வேல கோட்டுக்குள்ள கேமராவ மறைச்சு வெச்சு எதிர் சீட்ல இருக்கறவங்கள எடுத்தாரு, அந்த படங்கள் புக்கா வந்தது 1966ல. அந்த மொகங்கள்ல இருக்கற தனிமைய கேட்டு வாங்கவே முடியாது, ஒத்துக்கறேன். அதே நியூயார்க்ல 2010ல ப்ராண்டன் ஸ்டான்டன் ஆரம்பிச்ச "ஹ்யூமன்ஸ் ஆஃப் நியூயார்க்" நேர் எதிர் ரூட், போய் கேட்டு, நின்னு பேசி எடுக்கறது. ரெண்டும் ரெண்டு வேற வேல, ஒண்ணு இன்னொண்ண விட ஒசத்தின்னு சண்ட போடறதுல எனக்கு இன்ட்ரஸ்ட் இல்ல, ஆனா எவன்ஸ் ரூட்ல போறவருக்கு பிரிண்டர் எதுக்கு.

பப்ளிஷ் பண்ற விஷயத்துல இந்த பிரிண்ட் எதிர்பார்க்காத ஒரு உதவி பண்ணுது. எடுத்துக்கலாம்னு சொன்னது வேற, எல்லாரும் பாக்கற மாதிரி போட்டுக்கலாம்னு சொன்னது வேற. நாட்டுக்கு நாடு சட்டமும் இத வேற வேறயா தான் பாக்குது: ஜெர்மனில 1907லயே வந்த சட்டம், ஒருத்தரோட படத்த பரப்பறதுக்கும் பொதுவுல காட்டறதுக்கும் அவரு சம்மதம் வேணும்னு சொல்லுது, சில விதிவிலக்கோட. ஹங்கேரில 2014ல இருந்து நடைமுறையில இருக்கற சிவில் சட்டம் எடுக்கறதுக்கே சம்மதம் கேக்குது. அமெரிக்காவுல பொது எடத்துல எடுக்கறதுக்கு பெரும்பாலும் தடை கிடையாது, டைம்ஸ் ஸ்கொயர்ல தனக்கு தெரியாம எடுத்த படத்த கேலரில வெச்சு வித்ததுக்காக போட்டோகிராபர் ஃபிலிப்-லோர்கா டிகார்சியா மேல ஒருத்தரு போட்ட கேஸ 2006ல நியூயார்க் கோர்ட்டு இது கலைன்னு சொல்லி தள்ளுபடி பண்ணிருச்சு. சட்டம் இப்படி எடத்துக்கு எடம் மாறும், போற ஊரு சட்டத்த பாத்துக்கறது உங்க பொறுப்பு. ஆனா தெருவுல நிக்கறவர்கிட்ட "உங்க படத்த இன்ஸ்டால போட்டுக்கலாமா"ன்னு கேட்டா நெறய பேருக்கு எந்த படம், எப்படி இருக்கும்னு தெரியாமலே தலைய ஆட்டிருவாங்க. பிரிண்ட் கையில இருக்கும்போது, இன்னொரு படத்த ஸ்கிரீன்ல காட்டி, "இதயும் போடலாம்னு இருக்கேன், பரவால்லயா"ன்னு கேட்டா அவங்களுக்கு என்னத்துக்கு சரி சொல்றோம்னு தெரியுது. இத கேட்டப்புறம் "அந்த ரெண்டாவது வேணாம்பா, இது மட்டும்"னு சொல்றவங்க உண்டு, சொன்னா அவங்க கண்ணு முன்னாடியே டெலிட் பண்ணிரணும், பேரம் பேசக்கூடாது.

குழந்தைங்க விஷயத்துல பிரிண்டர வெளிய எடுக்கறதே ரிஸ்க். ஒரு குழந்தைக்கு குடுத்தா அந்த தெரு குழந்தைங்க பூரா பின்னாடி வரும், பெத்தவங்க யாருன்னே தெரியாம கூட்டம் கூடிரும். கூட இருக்கற பெரியவங்ககிட்ட மொதல்ல கேட்டு, பிரிண்ட்டயும் அவங்க கையில தான் குடுக்கணும். அதே மாதிரி தெருவுலயே தங்கறவங்க, ஒடம்பு முடியாம உக்காந்திருக்கறவங்க, இவங்ககிட்ட ஒரு பொருள நீட்டிட்டு படம் கேக்கறது இன்னும் மோசமான பேரம். தூங்கறவங்ககிட்ட கேக்கவே முடியாது, அதனால எடுக்கவும் வேணாம், இதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது.

மாத்து என்ன இருக்குன்னு பாத்தா, ஸிங்க் பேப்பர் (இங்க் இல்லாம சூட்டுலயே கலர் வர்ற பேப்பர்) பிரிண்டருங்க இருக்கு, பின்னாடி உரிச்சு ஒட்டற ஸ்டிக்கர், 2க்கு 3 இன்ச், பேப்பர் விலையும் கம்மி. கலர் மட்டும் கொஞ்சம் செத்த கலர். ஒரு நிமிஷத்துக்குள்ள முழு படமா வெளிய வந்துரும், அது தான் எனக்கு குறை, காத்திருக்க ஒண்ணுமில்ல. இன்ஸ்டாக்ஸ் மினி ஈவோன்னு கேமராவும் பிரிண்டரும் ஒண்ணா இருக்கற மாடல் ஒண்ணு இருக்கு, போன் தேவையில்ல, ஸ்கிரீன்ல பாத்து பிடிச்சத மட்டும் பிரிண்ட் போடலாம், கேக்க நல்லா தான் இருக்கு, ஆனா சென்சார் ரொம்ப சின்னது, நம்ம மெயின் கேமரா எப்படியும் கூடவே வரும், ரெண்டு கேமராவ கழுத்துல மாட்டிட்டு நின்னா எதிர்ல இருக்கறவருக்கு எத பாக்கறதுன்னே தெரியாது. மெயில் ஐடி வாங்கி அப்புறமா அனுப்பறேன்னு சொல்றது ஃப்ரீ தான், ஆனா வீட்டுக்கு போய் அனுப்பறவங்க எத்தன பேரு, மெயிலே இல்லாதவங்க எத்தன பேரு, அத நீங்களே யோசிச்சுக்கங்க.

சின்ன சின்ன குறைங்க: சார்ஜிங் இன்னும் மைக்ரோ யூஎஸ்பி, இதுக்குன்னு ஒரு தனி கேபிள் தூக்கணும். ஃபில்ம் 5 டிகிரில இருந்து 40 டிகிரி வரைக்கும் தான் ஒழுங்கா வேல செய்யும், குளிர் ஜாஸ்தின்னா படம் வெளிறி வரும், வந்த ஷீட்ட உள் பாக்கெட்ல போட்டு சூடா வெச்சுக்கணும். கடும் வெயில்ல பிரிண்டர வெளிய தொங்க விடாதீங்க, ஃபில்ம் பேக்க மூடுன கார்ல வெச்சுட்டு போகாதீங்க. ஏர்போர்ட்ல புதுசா வர்ற சிடி ஸ்கேனருக்குள்ள ஃபில்ம விடாம கையில எடுத்து செக் பண்ண சொல்லுங்க, இது ஐஎஸ்ஓ 800 ஃபில்ம், அதாவது சீக்கிரம் பாதிக்கப்படற சென்சிட்டிவ் ஃபில்ம். பாதி பேக் போட்ட மெஷினோட பின் கதவ ஆர்வத்துல தொறந்துராதீங்க, மேல இருக்கற ஷீட் வெளிச்சம் பட்டு வீணா போயிடும்.

2024ல லிங்க் 3 வந்துருச்சே, அத வாங்கலாமேன்னு கேப்பீங்க. ஃபில்ம் அதே மினி ஃபில்ம் தான், புதுசா சேத்தது பெரும்பாலும் ஆப் பக்கத்து வெளையாட்டு தான், தெருவுல நின்னு ஒரு மொகத்த பிரிண்ட் போட்டு குடுக்கறதுக்கு அதுல எதுவும் தேவப்படல. லிங்க் 2 பழசு நல்ல கண்டிஷன்ல கெடச்சா எடுத்துட்டு மிச்ச காசுக்கு ஃபில்ம் வாங்கி வெச்சுக்கங்க, எக்ஸ்பைரி தேதி பாத்து.